மூக்கு சொல்லும் பொய்

திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குள் இறங்கி யாரும் குளிப்பதில்லை. ஏழு கிணறுகளையும் சுற்றி நின்று, வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். அள்ள அள்ள அடியிலிருந்து புதுநீர் ஊறும். உடம்பில் பட்ட தண்ணீர் வெளியே ஓடிவிடும். நம் வீட்டுக் கிணற்றடியிலும் இதே ஏற்பாடுதான். நீச்சல் தடாகம் அப்படியல்ல. நேற்றுக் குளித்த தண்ணீரில்தான் இன்றும் குளிக்கிறோம், அடுத்த மாதமும் குளிப்போம். உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகளிலும் வசதியுள்ள வீட்டு வளவுகளிலும் உள்ள தடாகங்களின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

தடாகத்தருகே போனதும் மூக்கைத் துளைக்கும் மணம் வந்தால், “நல்லாக் குளோரீன் போட்டிருக்கினம், தண்ணி சுத்தம்” என்கிறோம். மூக்கு சொல்லும் பொய் இது. அளவாகக் குளோரீன் உள்ள சுத்தமான நீர் அவ்வளவாக மணப்பதில்லை. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா, அமோனியா போன்றவற்றோடு குளோரீன் சேரும்போது குளோரமைன்கள் உருவாகின்றன. மணம் அவற்றுடையது, கண் எரிவதற்கும் முக்கிய காரணம் அவைதான். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், உடலில் செரிக்காமல் சிறுநீரோடு வெளியேறும் ஒரு செயற்கை இனிப்பைத் தடாக நீரில் அளந்தார்கள். 8,30,000 லீற்றர் கொண்ட ஒரு தடாகத்தில் ஏறத்தாழ 75 லீற்றர் சிறுநீர் கலந்திருந்தது! ஆகவே இறங்குமுன் சவர்க்காரம் போட்டு ஒரு குளியல், பிள்ளைகளுக்கு இடையிடையே கழிவறை இடைவேளை. இவை இரண்டும் காசில்லாத இரசாயனங்கள்.

குளோரீன் எப்படி வேலை செய்கிறது? தண்ணீரில் கரைந்ததும் அது இரண்டு உருவில் நிற்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமியின் சுவருக்குள் விரைந்து நுழைவது இதுதான். மற்றது ஹைப்போகுளோரைட் அயன்; மிகவும் மந்தமானது. எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது நீரின் பி.எச். பெறுமானம். 7.5இல் இரண்டும் பாதிப்பாதி. 8ஐத் தொட்டால் வீரியமுள்ள பங்கு காற்பங்காகக் குறைந்துவிடும். பி.எச்.ஐப் பார்க்காமல் குளோரீனை மட்டும் கொட்டிக்கொண்டிருப்பவர், போடும் காசில் முக்காற்பங்கைத் தண்ணீரில் கரைக்கிறார். 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைத்திருப்பது நல்லது.

கணக்கும் கடினமானதல்ல. 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள தடாகத்தில் 48,000 லீற்றர் நீர் நிற்கும். குளோரீனை லீற்றருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த 48 கிராம் குளோரீன் வேண்டும். 65 சதவீத வீரியமுள்ள குருணையானால் 74 கிராம் போதும். வீட்டுத் தடாகத்தில் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைத்துவிட்டுப் போடுகிறோமே ரி.சி.எல். தூள், அதில் குளோரீன் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் வன்னீர் நம்முடையது. அதில் மேலும் சுண்ணாம்பு சேர்ந்தால் பி.எச். ஏறும், நீர் பால்போலக் கலங்கும், ஓடுகளில் படலம் கட்டும்.

வெயில் அடுத்த எதிரி. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் குளோரீனைச் சில மணி நேரத்துக்குள் சிதைத்துவிடும். காலையில் போட்டது மத்தியானத்தில் காணாமல் போவது இதனால்தான். மாலையில் போட்டால் இரவு முழுவதும் வேலை செய்யும். வெயிலிலிருந்து காக்கச் சயனூரிக் அமிலத்தை லீற்றருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை சேர்ப்பார்கள். கடையில் வாங்கும் ட்ரைக்குளோர் வில்லைகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. குளோரீன் செலவாகிவிடும், அது செலவாகாது. அளவு மீறினால் குளோரீனையே கட்டிப்போட்டுவிடும். நீரில் ஒரு பகுதியை அகற்றிப் புதுநீர் விடுவதே வழி.

குளோரீனுக்கும் எல்லை உண்டு. சரியான அளவில் இருந்தால் ஈ.கோலை ஒரு நிமிடத்துக்குள் சாகும். ஜியார்டியாவுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். வயிற்றோட்டத்தைத் தரும் கிரிப்டோஸ்போரிடியமோ பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். வயிற்றோட்டம் உள்ள பிள்ளையைத் தடாகத்தில் இறக்கவே கூடாது. கலங்கலைப் பிடிப்பது மணல் வடிகட்டியின் பொறுப்பு. பம்பி ஒரு நாளில் முழு நீரையும் ஒரு தடவையாவது அதற்குள் செலுத்த வேண்டும். அழுத்தமானி வழக்கத்தைவிட உயர்ந்தால் நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவ வேண்டும். அந்தக் கழிவுநீர் பக்கத்துக் கிணற்றுக்குள் இறங்காமல் பார்க்க வேண்டும். கரையோர மணல் அதைத் தடுத்து நிறுத்தாது.

மாரி தொடங்கியதும் சிலர் தடாகத்தை இறைத்துவிட்டு வெறுமையாக விடுகிறார்கள். இதில் இரண்டு ஆபத்துகள். முதலாவது, கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்துக்கு ஏறிவிடும். உள்ளே அழுத்திக்கொண்டிருந்த 48 தொன் எடை போய்விட்டால், வெளிநீர் கொங்கிரீட் தொட்டியையே வள்ளம்போல மேலே தூக்கும். தளம் வெடிக்கும், குழாய்கள் முறியும். இரண்டாவது, அடியில் தேங்கும் மழைநீரிலும் மூடிய விரிப்பின் மடிப்புகளிலும் ஏடிஸ் நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். 2017 மார்ச்சில் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறந்திருக்காது. குளிக்காவிட்டாலும் நீரை நிறைத்து வையுங்கள்; பம்பியும் குளோரீனும் நிற்கக் கூடாது.

ஒன்றை மட்டும் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். பி.எச். குறைக்கும் அமிலத்தையும் குளோரீனையும் ஒரே வாளியில் கலந்தால் எழுவது குளோரீன் வாயு. 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்றது அதே வாயுதான். இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

கையளவு பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். மாலையில் முதலில் பி.எச்., பிறகு குளோரீன். அளந்த பிறகே மருந்து. மூக்கை மட்டும் நம்பாதீர்கள்.