கல்லும் காகிதமும்

உத்திரமேரூர்ச் சபையார் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை விதிகளை வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பொறித்து வைத்தனர். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அவற்றை நாம் படிக்கிறோம். கல்லில் எழுதியது நிலைத்தது. காகிதத்தில் அச்சிட்டவற்றின் கதி யாது?

பாரதியார் 1906-ல் தொடங்கப்பட்ட ‘இந்தியா’ பத்திரிகையில் கேலிச் சித்திரத்தைத் தேசத் தொண்டுக்குக் கருவியாக்கினார். 1959-ல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ ஏட்டைத் தொடங்கி, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தாமே வரம்பு கட்டிக்கொண்டார்; தம் பிரசுரங்களைத் தாமே சுமந்து சென்று விற்றார். 1970-ல் பிறந்த ‘கசடதபற’ ஏட்டில் ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் இடம்பெற்றன. சித்திரம் என்பது கதைக்குப் பூட்டும் நகையன்று, தனித்ததொரு கலை என்பதை இத்தகைய ஏடுகளே நமக்கு உணர்த்தின.

இவற்றில் குறையில்லையா? உண்டு. சிலவற்றின் நடை கரடுமுரடானது. வட்டமோ மிகச் சிறியது. ஆயினும் வியாபார நோக்கமின்றி உண்மையை நாடிய பெருமை இவற்றுக்கு உண்டு. அந்த ‘எழுத்து’ம் 1970-ல் நின்றுபோயிற்று. நஷ்டம் செல்லப்பாவுக்கு மட்டுமா? தமிழுக்கன்றோ!

பழைய தமிழ்ப் பிரசுரங்களைச் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் 1994 முதல் காத்து வருகிறது. ஆனால் ஒரு நாட்டின் அச்சுச் செல்வத்துக்கு ஒரு களஞ்சியம் போதுமா? ஊர்தோறும் உள்ள வாசகசாலைகள் இரண்டு சிற்றேடுகளுக்கேனும் சந்தா செலுத்தட்டும். இதழ்களைக் கட்டடம் செய்து வைக்கட்டும். கல்வெட்டைக் காக்கக் கோயிற் சுவர் இருந்தது. காகிதத்துக்குச் சுவர் வாசகர்களாகிய நாமே.