வைத்தியரிடம் சேர்க்கும் வரையில்

நம் வீட்டுப் பூனைக்கு வெள்ளையன் என்று பெயர். நிறத்தை முன்னிட்டு வைத்த பெயரே தவிர, அதில் வேறு உள்ளர்த்தம் கிடையாது. ஆயினும், அவன் பால் செம்பில் தலையை விடும்போதெல்லாம் நம் வீட்டுப் பாட்டி, “வெள்ளையனே, வெளியேறு!” என்று 1942-ஆம் வருஷத்துக் கோஷத்தை எழுப்பத் தவறுவதில்லை. தேசத்தை ஆண்ட வெள்ளையன் 1947-இல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். இந்த வெள்ளையனோ அடுப்படியை விட்டு இன்றளவும் அசைந்த பாடில்லை.

அப்பேர்ப்பட்டவன், சென்ற மாரிக்காலத்தில் ஓர் இரவு பதினொரு மணிக்கு, மூன்று கால்களால் நடந்து வந்து, சத்தம் போடாமல் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். வாசற்படியிலிருந்து கட்டில் வரையில் இரத்தத் துளிகள் வரிசையாக விழுந்திருந்தன.

நாம் வசிக்கும் வாலாஜாபாத், ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய பாலாற்றங்கரை ஊர். கம்பெனியார் காலத்தில் இங்கே பட்டாளம் தங்கியிருந்தது. அன்று தெருவில் பூனை குறுக்கே போனால் பார்த்தவனுக்குத்தான் சகுனக் கவலை. இன்று கவலையெல்லாம் பூனையைச் சேர்ந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவற்றைத் தொடர்ந்து வந்த ஆலைகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அதைப்பற்றி நமக்குச் சந்தோஷமே. ஆனால், மூன்று ‘ஷிப்டு’களுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்களுக்கும், பாரம் ஏற்றிய லாரிகளுக்கும் இரவு பகல் என்ற பேதம் இல்லை. எலி பிடிக்கச் சாலையைக் கடக்கும் பூனைக்கோ இரவுதான் உத்தியோக நேரம்.

சுந்தரியின் கதை

வெள்ளையனைக் கட்டிலுக்கு அடியில் கண்டதும் வீடே எழுந்துவிட்டது. மஞ்சள் பொடியை எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். காப்பிப் பொடியை அப்பினால் இரத்தம் நிற்கும் என்றார் இன்னொருவர். அடுத்த வீட்டுக்காரர் அன்புடன் ஒரு புட்டி கிருமிநாசினி கொண்டுவந்தார். பையன், “பாட்டி, ஜுர மாத்திரையில் பாதி கொடுத்தால் வலி தெரியாமல் தூங்குமே!” என்றான்.

“வேண்டாமடா, கண்ணா. சுந்தரிக்குக் கொடுத்தது போதும்” என்றாள் பாட்டி.

சுந்தரி நம் வீட்டில் முன்பு இருந்த பூனை. மாடியிலிருந்து விழுந்து அவளுக்குத் தோளில் அடிபட்டது. வைத்தியர் பார்த்திருந்தால் பிழைக்கக்கூடிய அடிதான். அவள் வலியில் முனகுவதைக் கேட்கப் பொறுக்காமல், நாம்தான் நம் கையாலேயே, பாரஸிட்டமால் மாத்திரை ஒன்றைப் பொடி செய்து பாலில் கலந்து ஊட்டினோம். குழந்தைகளுக்கும் கொடுக்கிற மருந்தாயிற்றே என்பது நமது எண்ணம். மறுநாள் அவள் முகம் வீங்கியது, ஈறுகள் பழுப்பு நிறமாயின, மூச்சு இரைத்தது. அன்று சாயங்காலமே அவள் போய்விட்டாள்.

காரணத்தைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம். மனிதருடைய கல்லீரல் அந்த மருந்தை வேறொரு பொருளுடன் சேர்த்து, தீங்கு செய்யாதபடி வெளியேற்றிவிடுகிறது. பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறமை மிகவும் குறைவு. ஆகவே மருந்து விஷமாக மாறி, பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பு அணுக்களைக் கெடுத்துவிடுகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் அதை உடனே கொடுத்தாக வேண்டும். ஆஸ்பிரின், இபுப்ரோபன் முதலிய வலி மாத்திரைகளும் பூனைக்கு ஆகாதவையே. தலைவலித் தைலம், நீலகிரித் தைலம், கர்ப்பூரத் தைலம் ஆகியவற்றைத் தடவுவதும் ஆபத்து. பூனை தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி அல்லவா? தண்ணீரில் ஊற்றினால் பாலைப் போல் வெளுக்கும் கிருமிநாசினிகளும், பினாயிலும் அப்படியே. அடுத்த வீட்டுக்காரரின் புட்டியை வந்தனத்துடன் திருப்பி அனுப்பினோம்.

முதலில் நம் கை

அடிபட்ட பூனைக்கு எஜமானனும் சத்துருவும் ஒன்றுதான். வலியினாலும் பயத்தினாலும் அது கடிக்கும், பிறாண்டும். நாம் இதை அறிந்திருந்தும், அவசரத்தில் வெறுங்கையைக் கட்டிலுக்கடியில் நீட்டி, மணிக்கட்டில் ஒரு கடி வாங்கிக்கொண்டோம்.

செய்யவேண்டிய முறை இது. கதவு ஜன்னல்களைச் சாத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, வீட்டாரில் ஒருவரைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிவிட வேண்டும். கனமான துவாலை ஒன்றைப் பூனையின் மேல் மெதுவாகப் போட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி சுற்றி, துவாலையோடு சேர்த்து எடுக்க வேண்டும். பிடரியைப் பிடித்துத் தூக்கலாகாது. முதுகெலும்பில் அடிபட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், கைகளால் தூக்காமல், ஒரு பலகையையோ முறத்தையோ பக்கத்தில் வைத்து அதன்மேல் நகர்த்திக்கொள்வது நல்லது.

கடிபட்டவர் தம்மையும் மறந்துவிடக் கூடாது. கடிவாயைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் நாயினால் மட்டுமே வருவதன்று, பூனையினாலும் வரும். வந்தபின் சிகிச்சை பயன்படுவது அரிது. முன்னதாகத் தடுக்கும் ஊசியைப் பாஸ்டர் 1885-இல் கண்டுபிடித்தார். அவர் பெயரால் குன்னூரில் 1907-இல் ஒரு ஸ்தாபனமும் ஏற்பட்டது. இப்போது அந்த ஊசிக்காக மலையேற வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே போடுகிறார்கள். நாமும் மறுநாள் காலையில் போட்டுக்கொண்டோம்.

இரத்தமும் எலும்பும்

இரத்தம் பெருகினால், சுத்தமான வெள்ளைத் துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் ஐந்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால், உறைந்த இரத்தம் பெயர்ந்து மறுபடியும் ஒழுகும். துணி நனைந்துபோனால் அதை எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வைக்க வேண்டும். காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது கூடவே கூடாது. வெள்ளையனின் தொடையில் இருந்த காயம் ஆறு நிமிஷத்தில் அடங்கியது. நமக்கு அது ஆறு நாழிகையாகத் தோன்றியது.

சிறு காயத்தில் மண்ணோ சருகோ ஒட்டியிருந்தால், அரை லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதை மெல்ல ஊற்றிக் கழுவலாம். ஆழமான காயத்தைக் கிளற வேண்டாம். அதில் ஏதேனும் குத்திக்கொண்டிருந்தால் பிடுங்கவும் வேண்டாம். மஞ்சளும் காப்பிப் பொடியும் இரசத்துக்கும் டிகாக்‌ஷனுக்கும் உரியவை. காயத்தில் அப்பினால், வைத்தியர் முதலில் அவற்றைச் சுரண்டி எடுக்கவேண்டி வரும்.

எலும்பு முறிந்த காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்ட நம்மவர்களுக்குக் கை துறுதுறுக்கும். கட்டத் தெரியாமல் கட்டினால் முறிந்த எலும்பின் முனை சதையைக் கிழித்துவிடும். சிறிய அட்டைப் பெட்டியில் பழைய புடவையை விரித்து, பூனையை அதில் படுக்க வைத்து, மூடியில் காற்றுத் துளைகள் இட்டு, இருட்டாக வைத்தால் அதுவே போதுமான கட்டு. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் வைக்கலாம். அடிபட்ட அதிர்ச்சியில் உடம்பு சில்லிட்டுப் போகும். ஆகாரம் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய நேரிடலாம். பாலை வாயில் புகட்டினால் அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடக்கூடும்.

எப்போது காத்திருக்கலாகாது?

பூனை தன் வலியை மறைக்கும் பிராணி. கத்தவில்லையே என்று நிம்மதி அடையக் கூடாது. தொண்டைக்குள் ‘குர்ர்’ என்று சத்தம் செய்தால் சந்தோஷமாயிருப்பதாகவும் அர்த்தமில்லை. வேதனையிலும் அது அப்படிச் செய்வதுண்டு. உண்மையை ஈறுகள்தான் சொல்லும். அவை இளஞ்சிவப்பாயிருந்தால் ஆறுதல். வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் அபாயம். அமைதியாகப் படுத்திருக்கும் பூனை நிமிஷத்துக்கு ஏறக்குறைய இருபதிலிருந்து முப்பது தடவை மூச்சு விடும். வாயைத் திறந்துகொண்டு மூச்சு விட்டாலும், பத்து நிமிஷம் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டாலும், பின்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தாலும், நினைவு தப்பினாலும், நடுநிசி என்று பாராமல் புறப்பட்டாக வேண்டும். புறப்படுமுன், அந்த நேரத்தில் பார்க்கிற வைத்தியர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

வெள்ளையனின் ஈறுகள் சிவப்பாகவே இருந்தன. வாலாஜாபாத்திலிருந்து காஞ்சீபுரம் சுமார் பதினைந்து கிலோமீட்டர் தூரந்தான். ஆனாலும் அந்த வேளையில் நமக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. பெட்டியின் பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அரைமணிக்கு ஒரு முறை மூச்சை எண்ணினோம். பாட்டியும் தூங்கவில்லை. இருபத்தெட்டு, முப்பது, இருபத்தாறு என்று பையன் தன் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தான். விடிந்ததும் பெட்டியோடு புறப்பட்டோம்.

வைத்தியர் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கவனமாகப் படித்தார். “என்ன மருந்து கொடுத்தீர்கள்?” என்பதே அவருடைய முதல் கேள்வி. ஒன்றும் கொடுக்கவில்லை என்றோம். “நல்ல காரியம். பாதி நாட்கள் அடியைப் பார்ப்பதற்கு முன் மருந்தைத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது” என்றார். தொடை எலும்பு முறிந்திருந்தது. பிறகு சென்னையில் கம்பி வைத்து எலும்பைச் சேர்த்தார்கள்.

நிற்க. அடிபடாத பூனைகளைப்பற்றியும் ஒரு வார்த்தை. மழை இரவுகளில் காரின் எஞ்சினுக்கு அருகில் சூடாயிருக்கும் என்று பூனைகள் உள்ளே ஏறிப் படுத்துக்கொள்கின்றன. காலையில் வண்டியைக் கிளப்புமுன் முன்மூடியை இரண்டு தட்டுத் தட்டினால் ஓர் உயிர் பிழைக்கும். சண்டையில் ஏற்பட்ட சிறு கடியையும் அலட்சியம் செய்யலாகாது. மேலே மூடிக்கொண்டு இரண்டு மூன்று நாட்களில் உள்ளே சீழ் கட்டும். நம் சீதோஷ்ணத்தில் திறந்த காயத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது 1903-இல். அந்நாளில் கால்நடை வைத்தியம் என்றால் குதிரையும் மாடுந்தான். சுதந்திரம் வந்த பிறகு, நம் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல், வாயில்லா ஜீவன்களுக்காக ராஜ்ய சபையில் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பயனாக, பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் நிறைவேறியது. உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவது பிரஜைகளின் கடமை என்று 1976-இல் அரசியல் சாசனத்திலேயே சேர்த்தார்கள். இரக்கத்துக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சமில்லை. சுந்தரியிடமும் நமக்கு இரக்கம் இருந்தது. மாத்திரையைப் பற்றித் தெரியாமற்போயிற்று, அவ்வளவுதான்.

வெள்ளையன் இப்போது சற்றே நொண்டுகிறான். அந்த அட்டைப் பெட்டியும், ஒரு துவாலையும், வைத்தியரின் தொலைபேசி எண் எழுதிய காகிதமும் நம் வீட்டுப் பரணில் தயாராக இருக்கின்றன. பால் செம்பு உருளும் சத்தம் கேட்டால் பாட்டி கோஷம் போடாமல் இருப்பதில்லை. ஆனால், அவன் நொண்டிக்கொண்டு வாசற்படியைத் தாண்டும் வரையில் பார்த்திருந்து, “சாலைப் பக்கம் போகாதே” என்றும் சேர்த்துக்கொள்கிறாள்.