தேநீர் கொடுத்தவர்கள்

1953 நவம்பர் 2. லண்டன் நகரின் புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் ஆங்கிலிகன் குரு சாட் வாரா ஒரு தொலைபேசியோடு உட்கார்ந்தார். சாக நினைப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று அறிவித்திருந்தார். 1935இல் 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் இறுதிச் சடங்கு நடத்த நேர்ந்தது. மாதவிலக்கை ஏதோ நோய் என்று பயந்து உயிரை விட்டவள். கேட்டுச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போன அந்த மரணம் அவரை விடவே இல்லை.

அழைப்புகள் குவிந்தன; நேரிலும் ஆட்கள் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காரத் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். அவர்களிடமே மனம்விட்டுப் பேசிவிட்டு, குருவைப் பார்க்காமலே பலர் வீடு திரும்பினார்கள். பிரசங்கம் செய்து பழகியவர் இதைக் கவனித்ததுதான் பெரிய விஷயம். 1954 பிப்ரவரியில் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார். அப்படி வளர்ந்ததுதான் 'சமாரிட்டன்ஸ்'. தொடங்கியவர் குருதான்; ஆனால், பேச வருகிறவரிடம் மதம் பரப்பக் கூடாது என்பதில் கண்டிப்பு.

அதே வழியில் வந்த ஓர் அமைப்பு சென்னையில், மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது: மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய 'சினேகா'. இது கிறிஸ்தவ அமைப்பு அல்ல. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள். புத்திமதி சொல்வதில்லை, குற்றம் சாட்டுவதில்லை. அழுகிறவரிடம், "எல்லாம் சரியாயிடும், கோயிலுக்குப் போயிட்டு வா" என்று சொல்லாமல் இருப்பது நம் ஊரில் லேசான காரியமா என்ன!

சினேகாவின் தொலைபேசி எண்: 044-24640050.