பேய்மலையும் கோணமலையும்

2014இல் யப்பானில் வெளிவந்த ‘பேட்டல் பிரேம்’ வரிசையின் ஐந்தாம் நிகழ்பட விளையாட்டு, ஹிகாமி என்னும் கற்பனை மலையில் நிகழ்வது. உயிர்துறக்க விழைவோரை அம்மலை ஈர்க்கும். ஆடுவோர்க்குரிய படைக்கலம் ஒரு புகைப்படக் கருவியே. உடல் நனைய நனைய ஆவிகளின் இடர் பெருகும்.

நம் கோணமாமலைக்கும் இத்தகைய கதையொன்று உண்டு. பிரான்சினா வான் றீட் என்னும் ஒல்லாந்த நங்கை, காதலன் கப்பலேறக் கண்டு 1687இல் பாறையினின்று பாய்ந்தாள் என்பர். (கேட்போர் உருகுவர், அதுவே கதையின் வலிமை.) ஆயின், அவள் பின்னரும் வாழ்ந்து மணம்புரிந்தாள் என ஆய்வாளர் கூறுவர்.

அக்கடல் உண்மையில் மறைத்திருந்தது, போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் கற்களையே. பெண்ணின் பாய்ச்சலைப் பேசிய நாம் அவ்விழப்பை அத்துணை பேசினோமல்லேம். 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் அங்கே மூழ்கி அக்கற்களைக் கண்டனர். அவர்கள் கொண்டு சென்றதும் புகைப்படக் கருவியே.