முதற்பொருளும் நகலும்: ஜப்பானிய மின்கிதார்கள்

பண்டைத் தமிழ் இலக்கண நூலார் நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் வகைப்படுத்தினர். முதல்நூலின் பொருளைத் தழுவி, வேண்டும் இடத்தில் தக்க வேறுபாடு கொண்டு அமைவது வழிநூல். மொழிபெயர்ப்பையும் அதன் ஒரு வகையாகவே தொல்காப்பியம் கொள்கிறது. பிறர் எழுதியதை நம் மொழியில் ஆக்கித் தரும் பணியில் இருக்கும் நமக்கு இவ்வகைப்பாடு ஆறுதல் தருவது. வழிநூல் செய்வோன் திருடன் அல்லன். ஆயினும் முதல்நூலுக்கு அவன் ஆற்ற வேண்டிய கடமைகள் உண்டு. இந்த அளவுகோலைக் கைத்தொழிலுக்கும் பொருத்திப் பார்க்கலாம். அதற்குத் தக்க எடுத்துக்காட்டு, 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் ஜப்பானில் செய்யப்பெற்ற மின்கிதார்களாகும்.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஷில்லாங்கிலும் வாழும் நம் நேயர்கள் கல்லூரி விழாக்களில் மின்கிதாரின் ஒலியைக் கேட்டிருப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர், “அமெரிக்கக் கிதாரின் நகல்தான், ஆனால் ஜப்பானில் செய்தது” என்று சொல்லி, ஒரு பழைய கருவிக்குப் பெருந்தொகை கேட்டும் இருக்கலாம். நகலுக்கு இவ்வளவு விலை ஏன் என்ற ஐயம் பெற்றோர்க்கு எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்கு விடை காண்பதற்கு முதற்பொருளை முதலில் அறிதல் வேண்டும்.

மின்கிதாரில் ஒலியைப் பெருக்கும் குடம் இல்லை. பெரும்பாலும் அதன் உடல் திண்ணிய மரப்பலகையே. எஃகுத் தந்திகளுக்குக் கீழே பிக்கப் எனப்படும் உறுப்பு ஒன்று உண்டு. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அதனால் கம்பிச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் இசை கேட்கிறது.

இவ்வகைக் கருவிகளுள் இரண்டு மரபுகள் தலையாயவை. ஒன்று, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்டன் நகரில் லியோ பெண்டர் தொடங்கியது. அவருடைய டெலிகாஸ்டர் கிதார் 1951-இல் அப்பெயரைப் பெற்றது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வெளிவந்தது. இவற்றில் கழுத்துப் பகுதி திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்படும். தந்தியின் ஒலிக்கும் நீளம் 25½ அங்குலம். மற்றொன்று, மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட லெஸ் பால் கிதார். மகாகனி மர உடலின் மேல் மேப்பிள் பலகை பதித்து, கழுத்தைப் பசையிட்டு ஒட்டி, 24¾ அங்குல நீளத்தில் அமைத்தனர். 1957-இல் இதற்கு இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப் பொருத்தப்பட்டது. எதிரெதிராக அமைந்த இரு சுருள்களும் சுற்றுப்புற மின்சாரத்தால் எழும் இரைச்சலை ஒன்றையொன்று நீக்கிவிடும். தந்தியின் நீளம், கழுத்தைப் பிணைக்கும் முறை, மரம், சுருள் ஆகிய இவையே ஒரு கிதாரின் குரலைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

ஜப்பானில் 1965-ஆம் ஆண்டளவில் மின்கிதார் மோகம் பரவிற்று. வென்ச்சர்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவினரின் இசைப் பயணம் அதற்குப் பெரிதும் காரணமாயிற்று. அமெரிக்கக் கருவிகளோ இளைஞர்களுக்கு எட்டாத விலையில் இருந்தன. எனவே உள்நாட்டுத் தொழிற்சாலைகள் முன்வந்தன. நாகானோ மாவட்டத்து மட்சுமோட்டோ நகரம் இத்தொழிலின் ஒரு மையமாக விளங்கியது. மலைகள் சூழ்ந்த இந்நகரம் மரச்சாமான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. புஜிஜென் நிறுவனம் 1960-இல் இங்கே தோன்றியது. தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துவந்த மட்சுமோகு நிறுவனமும் கிதார் தொழிலில் இறங்கியது. ஹமமாட்சு நகரில் 1947-இல் தோன்றிய டோக்காய் நிறுவனமும் பின்னர் இத்துறையில் புகழ் பெற்றது. மட்சுமோட்டோவிலேயே 1946-இல் ஷினிச்சி சுசுகி தம் வயலின் பள்ளியை நிறுவினார் என்பதும் நினைக்கத் தக்கது. குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகுவதுபோல இசையையும் பழகவேண்டும் என்பது அவர் கொள்கை. கிதார் தொழிலாளரும் ஏறத்தாழ அவ்வழியிலேயே கற்றனர் எனலாம்.

கற்கத் தொடங்கிய காலத்துக் கருவிகள் எல்லாம் சிறந்தவை அல்ல. 1970-களின் முற்பகுதியில் வந்த லெஸ் பால் நகல்கள் பலவற்றில் வெளித்தோற்றம் மட்டுமே ஒத்திருந்தது. ஒட்ட வேண்டிய கழுத்து திருகாணியால் பிணைக்கப்பட்டிருந்தது. உடல் ஒட்டுப்பலகையால் ஆனதாகவும் இருந்தது. சொல்லுக்குச் சொல் வைத்துப் பொருளைத் தவறவிட்ட மொழிபெயர்ப்பை ஒத்தவை இவை. ஆனால் தொழிலாளர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1970-களின் பிற்பகுதியில் கழுத்தை ஒட்டினர். உடலைத் திண்ணிய மரத்தால் செய்தனர். பிக்கப்பின் அமைப்பையும் ஆராய்ந்தனர். அமெரிக்க ஆஷ் மரத்திற்கு ஈடாகத் தம் நாட்டுச் சென் மரத்தைப் பயன்படுத்தினர். புஜிஜென் செய்த கிதார்கள் உள்நாட்டில் கிரெக்கோ என்றும், வெளிநாட்டில் இபனேஸ் என்றும் விற்கப்பட்டன. டோக்காய் 1978-இல் தன் லெஸ் பால் நகலை வெளியிட்டது.

இங்கே வியப்பான ஒரு திருப்பத்தைக் காண்கிறோம். அதே காலத்தில் முதற்பொருளைச் செய்தவர்களே தம் பழைய வழியிலிருந்து விலகியிருந்தனர். பெண்டர் நிறுவனம் 1965-இல் சி.பி.எஸ். என்னும் பெருங்குழுமத்தின் கைக்கு மாறியது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலை பெரிதாக்கப்பட்டது. கழுத்தைப் பிணைத்த நான்கு திருகாணிகள் 1971-இல் மூன்றாகக் குறைந்தன. கிப்சனும் 1969-இல் வேறு உடைமையாளரிடம் சென்றது; லெஸ் பாலின் உடல் சில ஆண்டுகள் பல அடுக்குகளாக ஒட்டிச் செய்யப்பட்டது. 1950-களின் கருவிகளே மேலானவை என்று இசைவாணர் பலர் கருதத் தொடங்கினர். ஜப்பானியத் தொழிலாளரும் அந்தப் பழைய கருவிகளையே பாடமாகக் கொண்டனர். நான்கு திருகாணியையும் சிறிய தலையையும் பேணினர். மூலத்தைச் செய்தவர் கைவிட்டதை நகல் செய்தவர் காத்தார் என்பதே இவ்வரலாற்றின் சாரம். இன்றைய பாராட்டுக்கும் அதுவே காரணம்.

எனினும் நியாயத்தின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். ஒருவர் உழைத்து உருவாக்கிய வடிவத்தை மற்றவர் எடுத்து விற்பது எவ்வளவு தூரம் சரி? கிப்சனின் உடைமையாளரான நார்லின் நிறுவனம், இபனேஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின்மீது 1977-இல் பிலடெல்பியாவில் வழக்குத் தொடுத்தது. கிதாரின் தலை வடிவத்தை ஒற்றிச் செய்ததே குற்றச்சாட்டு. 1978-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. வழக்கு வருமுன்பே இபனேஸ் தன் தலை வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. பின்னர்ச் சொந்த வடிவங்களாலேயே புகழ் பெற்றது. இன்று விற்போர் பலர் அக்காலத்து ஜப்பானியக் கிதார் எதனையும் ‘வழக்குக் கிதார்’ என்று கூறி விலையை உயர்த்துகின்றனர். அச்சொல்லுக்கு அவ்வளவு பரந்த பொருள் இல்லை. அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தரவேண்டுவதில்லை.

பெண்டர் நிறுவனம் வேறு வழியைத் தேர்ந்தது. 1982-இல் கண்டா ஷோக்காய், யமனோ என்னும் ஜப்பானிய வணிக நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து பெண்டர் ஜப்பானை நிறுவியது. கருவிகளைச் செய்யும் பொறுப்பு புஜிஜெனுக்கே கிடைத்தது. நேற்று நகல் செய்தவர் இன்று உரிமை பெற்ற உற்பத்தியாளர் ஆனார். அதே 1982-இல் பெண்டர் நிறுவனம் அமெரிக்காவிலும் தன் 1957, 1962-ஆம் ஆண்டு அமைப்புகளை மீண்டும் செய்யத் தொடங்கிற்று. 1985-இல் அந்நிறுவனத்தை அதன் நிர்வாகிகளே சி.பி.எஸ். குழுமத்திடமிருந்து வாங்கினர். அவ்விற்பனையில் புல்லர்டன் தொழிற்சாலை சேரவில்லை. எனவே புதிய தொழிற்சாலை ஊன்றி நிற்கும்வரை ஜப்பானியக் கருவிகளே அதற்குப் பெருந்துணையாயின.

இனி, இத்தகைய கருவியை வாங்க எண்ணுவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம். முதலில், கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும்: லெஸ் பால் வடிவக் கிதாரில் அங்கே திருகாணிகள் இருந்தால் அது பெரும்பாலும் எளிய வகை. அடுத்து, தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை நீளவாக்கில் நோக்கி, முறுக்கம் உண்டா என அறிய வேண்டும். மெட்டுகளின் ஓரங்களைக் கையால் தடவிப் பார்த்தல் நன்று. செம்மையான வேலை அங்கே கூராக உறுத்தாது. கிரெக்கோ, டோக்காய் கருவிகளின் மாதிரி எண் பலவற்றில் அக்கால விலையே அடங்கியுள்ளது: டோக்காய் எல்.எஸ். 80 என்றால் 80,000 யென். உயர்ந்த எண் பொதுவாக உயர்ந்த மரத்தையும் வேலையையும் குறிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியை வாசித்துக் கேட்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. ஜப்பானியக் கிதாரின் தலையிலுள்ள பெயரைச் சுரண்டிவிட்டு அமெரிக்கப் பெயரை ஒட்டி விற்போர் இருக்கின்றனர். தன் பெயரோடு நிற்கும் நகல் வேறு. பிறர் பெயரைப் பூண்ட போலி வேறு. போலி, வாங்குவோரை ஏமாற்றுவதோடு, அக்கருவியைச் செம்மையாகச் செய்த மட்சுமோட்டோத் தொழிலாளியின் பெயரையும் மறைத்துவிடுகிறது. பெயர் மாற்றிய கருவியை எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் தவிர்ப்பதே முறை. கிரெக்கோ என்றோ டோக்காய் என்றோ தன் பெயரைத் தலையில் தாங்கி, கழுத்தும் மெட்டும் செம்மையாய் அமைந்து, இனிய குரலும் உடையதாயின், அக்கருவியை நகல் என்று தள்ளாமல் பிள்ளைக்கு மனமுவந்து வாங்கித் தரலாம்.