தடம் மாற்றும் முன்



தம்பின் வட்டாரத்துத் தோட்ட மக்களுக்குப் புலாவ் செபாங் ரயில் நிலையம் புதியதன்று. முன்பு அங்கிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப் பாதை பிரிந்து சென்றது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டன என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படித் தண்டவாளம் பிரியும் இடத்தில் வேலை செய்பவர், முன்பு எந்தப் பக்கம் திருப்பி வைத்தோம் என்று பார்க்காமல் வண்டியை விட்டால் என்ன ஆகும்? தெற்கே போகவேண்டிய வண்டி மலாக்காவுக்குப் போய்விடும்.

இதே கவனம் தேவைப்படும் கருவி ஒன்று இன்று பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. அதன் பெயரும் சுவிட்ச்தான். ஆனால் இது விளக்கைப் போடும் சுவிட்ச் அன்று. பல கணினிகளைக் கம்பியால் இணைக்கும் பெட்டி. அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பி செருகப்படும்.

பள்ளி அலுவலகக் கணினியும் மாணவர் கணினியும் ஒரே பெட்டியில் இணைந்திருக்கலாம். அப்படியானால் ஒன்றில் உள்ளதை மற்றொன்று பார்த்துவிடாதா? பார்க்காமல் இருக்கத்தான் விலான் என்னும் ஏற்பாடு. ஒரே லயத்துக்குள் சுவர் வைத்து வீடுகளைப் பிரிப்பது போல, ஒரே பெட்டிக்குள் எண் கொடுத்துப் பிரிப்பது இது. அலுவலகத்துக்கு 10, மாணவருக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். பத்தில் உள்ளது இருபதுக்குத் தானாகப் போகாது.

துளைகள் இரண்டு முறைகளில் வேலை செய்யும். அக்சஸ் என்பது ஒரே எண்ணுக்குரிய துளை. இதில் ஒரு கணினியைச் செருகுவோம். டிரங்க் என்பது பல எண்களுக்கும் பொதுவான பாதை; இரண்டு பெட்டிகளை இணைக்க இது உதவும். பொதுப் பாதையில் சரக்குகள் கலந்துவிடக் கூடாதல்லவா? ஆகவே தகவல் பொட்டலங்களில் 4 பைட் அளவுள்ள சீட்டு ஒன்று சேர்க்கப்படும். அதில் விலான் எண் இருக்கும். 1998-இல் வெளிவந்த 802.1கியூ என்னும் விதிமுறை இதை வகுத்தது. 1 முதல் 4094 வரை எண்கள் கொடுக்கலாம்.

இனி எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம். பள்ளியில் ஒரு துளை டிரங்க் முறையில் இருந்தது. அதில் ஒரு மாணவர் கணினியைச் செருக வேண்டியிருந்ததால் அக்சஸ் முறைக்கு மாற்றினோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம். சற்று நேரத்தில் ஒரு மாணவி, "சார், ஆபீஸ் பிரிண்டர் இதில் தெரிகிறது!" என்றாள்.

காரணம் என்ன? அந்தத் துளைக்கு எப்போதோ 10 என்ற எண் கொடுக்கப்பட்டிருந்தது. டிரங்க் முறையில் இருந்தவரை அந்த எண் உறங்கிக் கிடந்தது. அக்சஸ் ஆனதும் விழித்துக்கொண்டது. பழைய எண் எதுவும் இல்லாதிருந்தால், துளை 1 என்ற எண்ணுக்குப் போயிருக்கும். முறையை மாற்றினோமே தவிர, பெட்டியின் பழைய நினைவை நாங்கள் பார்க்கவில்லை.

இது சிறிய தவறன்று. உதவித்தொகைக்காக நீங்கள் எழுதிக் கொடுக்கும் சம்பளக் கணக்கு, அடையாள அட்டை எண் எல்லாம் அலுவலகக் கணினியில் இருக்கின்றன. அவை உங்கள் வீட்டு விஷயங்கள். அவற்றைக் காப்பது எங்கள் கடமை.

துளைக்கு உள்ளது போலவே முழுப் பெட்டிக்கும் நினைவு உண்டு. சிஸ்கோ நிறுவனச் சுவிட்சுகளில் விடிபி என்னும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு பெட்டியின் விலான் பட்டியலை மற்றப் பெட்டிகளும் எடுத்துக்கொள்ள இது வழி செய்கிறது. பட்டியல் மாறும்போதெல்லாம் திருத்த எண் ஒன்று கூடும். பெரிய எண் உள்ள பட்டியலே வெல்லும். விடிபி குழுப் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாயிருந்து, பழைய பெட்டியின் திருத்த எண் பெரியதாகவும் இருந்தால், அதை டிரங்கில் செருகியதும் நல்ல பட்டியல் அழிந்துபோகலாம். ஆகவே பழைய பெட்டியைத் தனியே வைத்து, டிரான்ஸ்பேரன்ட் முறைக்கு மாற்ற வேண்டும். அப்போது திருத்த எண் பூஜ்யமாகும். பிறகுதான் வேண்டிய முறைக்குக் கொண்டுவந்து இணைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் மூன்றாம் பதிப்பில் இந்த ஆபத்துக்குத் தடுப்பு உண்டு.

இத்தொழில் பயிலும் பிள்ளைகள் நான்கு காரியங்களை மறக்கக் கூடாது. மாற்றும் முன் துளையின் முறையையும் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். முறையை மாற்றும்போதே எண்ணையும் நீங்களே குறிப்பிடுங்கள். பிறகு கணினி உரிய பிரிவில்தான் இருக்கிறதா என்று சோதியுங்கள். எல்லாம் சரியென்றால் சேமித்து வையுங்கள். சேமிக்காத மாற்றம், இடி மழையில் மின்சாரம் நின்று வந்தால் மறைந்துவிடும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நோட்டும் கையுமாகப் பெட்டியின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தால், வேலை தெரியாமல் விழிக்கிறான் என்று எண்ணவேண்டாம். அவன் தடம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.