பாக்டீரியாவைத் துளைக்கும் வால்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளைத் தாண்டிக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. அதை ஒட்டிய உவர்நிலங்களில் இறால் பண்ணைகள். பண்ணைக்குக் குஞ்சு தரும் ஹேச்சரிகளை நடுங்க வைக்கும் நோய் ஒன்று உண்டு. இரவில் விளக்கை அணைத்தால், சாகக் கிடக்கும் குஞ்சுகள் பச்சையாக ஒளிரும். விப்ரியோ ஹார்வியி என்ற பாக்டீரியாவின் வேலை அது. ஆன்டிபயாடிக் ஊற்றினால் பாக்டீரியா பழகிக்கொள்கிறது. மருந்தின் எச்சம் இறாலில் தங்கிவிட்டால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வருகிறது.

அந்த பாக்டீரியாவையும் கொல்ல ஒரு வைரஸ் இருக்கிறது. பாக்டீரியாக்களைத் தாக்கும் இத்தகைய வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர்.

பெரும்பாலான ஃபேஜ்களுக்குத் தலையும் வாலும்தான் உடல். தலை ஒரு புரதக் கூடு. இருபது முக்கோண முகங்கள், பன்னிரண்டு முனைகள். பதினொரு முனைகள் அடைபட்டிருக்க, பன்னிரண்டாவதில் மட்டும் வாசல். டி.என்.ஏ. உள்ளே போவதும் வெளியேறுவதும் அவ்வழியேதான். வால் பொருந்துவதும் அங்கேதான்.

மிக நுணுக்கமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று, ஈ. கோலை என்ற பாக்டீரியாவைத் தாக்கும் டி4. அதன் தலை சுமார் 120 நானோமீட்டர் நீளம். உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 1,69,000 எழுத்துகள். நீட்டினால் 57 மைக்ரோமீட்டர், தலையின் நீளத்தைப் போல் 450 மடங்குக்கு மேல்! நொடிக்கு 2,000 எழுத்துகள் வரை இழுத்துத் திணிக்கும் புரத மோட்டார் ஒன்று இந்த வேலையை முடித்துவிட்டுக் கழன்றுகொள்கிறது. அதன் பிறகே வால் வந்து சேர்கிறது.

வாலின் அடித்தட்டில் ஆறு நீண்ட இழைகள். அவை ஈ. கோலையின் மேற்பரப்பைத் தடவி, பொருத்தமான மூலக்கூறைக் கண்டதும் பற்றுகின்றன. அடித்தட்டு விரிகிறது. நாண் ஏற்றிய வில்லாகக் காத்திருந்த வாலுறை பாதிக்கும் குறைவாகச் சுருங்க, உள்குழாய் பாக்டீரியாவின் உறையைத் துளைக்கிறது. இதற்கான ஆற்றல் வால் கட்டப்பட்டபோதே அதன் வடிவத்தில் சேமிக்கப்பட்டது. செரிமானமோ சுவாசமோ இல்லாத ஒரு பொருள் இவ்வளவையும் செய்கிறது என்பது வியப்பின் உச்சம்.

எல்லா வாலும் சுருங்காது. மங்களூரு மீன்வளக் கல்லூரி ஆய்வாளர்கள் 2006இல் விவரித்த ஹார்வியி ஃபேஜின் வால் நீண்டது, சுருங்காதது. அதை ஹேச்சரித் தொட்டியில் விட்டபோது, விடாத தொட்டியைவிட மிக அதிகக் குஞ்சுகள் பிழைத்தன. வால்நுனி பற்றாத பாக்டீரியாவை ஃபேஜ் தொடுவதில்லை. தொட்டியின் நல்ல நுண்ணுயிர்கள் தப்புகின்றன. ஆன்டிபயாடிக்கால் இப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆனால் கிடைத்த ஃபேஜையெல்லாம் ஊற்றிவிடக் கூடாது. சில ஃபேஜ்கள் கொல்லாமல் பாக்டீரியாவுக்குள்ளேயே தங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட விஎச்எம்எல் என்ற ஃபேஜ், ஹார்வியியை மேலும் கொடியதாக்குகிறது. காலரா கிருமிக்கு நச்சு மரபணுவைத் தருவதும் நூல் வடிவ ஃபேஜ் ஒன்றுதான். 1996இல் இது தெரியவந்தது. அதனால் தொட்டிக்கான ஃபேஜைத் தேர்ந்தெடுப்பவர்கள் வாலை மட்டும் பார்ப்பதில்லை. தலைக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை முழுதும் படித்து, பாக்டீரியாவுக்குள் தங்க உதவும் மரபணுவோ நச்சு மரபணுவோ இல்லை என்று உறுதிசெய்த பிறகே பயன்படுத்த வேண்டும்.